கடைசி பெஞ்சைப் பார்க்க நேரம் வேண்டும்

செப்டம்பர் 5 நெருங்கினால் நல்லாசிரியர் விருதுக் கோப்புகள் நகரத் தொடங்கிவிடும். தேசிய விருது வேண்டுமென்றால் 2018 முதல் ஆசிரியர் தம்மைத் தாமே இணையத்தில் பரிந்துரைத்துக்கொள்ள வேண்டும். மாநில அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதும் கோப்பில்லாமல் வராது. தேர்ச்சி விழுக்காடு, நன்கொடையாக வாங்கிய பெஞ்சு, சுவர் ஓவியம், நட்ட மரக்கன்று, பத்திரிகை நறுக்கு, குனிந்து ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போன்ற புகைப்படம் என்று கோப்பு கனமாகும். விருது வாங்கியவர்களில் உண்மையிலேயே அருமையான ஆசிரியர்கள் பலர் உண்டு. அவர்கள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கோப்பில் ஒட்டவே முடியாத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் என் கவலை.

மூன்றாம் வகுப்பு. 52இல் 27 போனால் எவ்வளவு? ஒரு பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போகலாம். அல்லது அந்த 35 எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். அந்தப் பிள்ளை 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது என்று யாரோ சொன்னதை அது அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. கடன் வாங்கும் பாடத்தன்று பள்ளிக்கு வரவில்லையோ என்னவோ. இதைக் கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். கண்டுபிடிக்காவிட்டால் அந்தப் பிள்ளை எட்டாம் வகுப்பு வரை ‘கணக்கு வராத பிள்ளை’யாகவே வந்து சேரும். நல்ல ஆசிரியர் யார் என்று என்னைக் கேட்டால், அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிப்பவர் என்பேன். அன்பு, அர்ப்பணிப்பு, தியாகம் எல்லாம் மேடைக்குச் சரி. வகுப்பறையில் முதலில் வேண்டியது, எதிரில் இருக்கும் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது, ஏன் தெரியாது என்று பார்க்கத் தெரிந்த கண். இன்றைய பள்ளிக்கூடம் அந்தக் கண்ணை எங்கே திருப்பி வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

விருதுநகர் மாவட்டத்தில் நம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இந்தச் சின்னச் சுற்றளவுக்குள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வீடுகள் ஒன்றுபோல இல்லை. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து ஷிப்ட் கணக்கில் தூங்கி எழுந்த ஊர் ராஜபாளையம். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி விசைத்தறியில் ஓடுகிறது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. அதற்குப் பால் ஊற்றும் வீடுகளில் விடிகாலை வேலையில் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. கிழக்கே போனால் சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும். மேற்கே மலையடியில் செண்பகத்தோப்பிலும் ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கமும் பளியர் குடியிருப்புகள். அங்கிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலருக்கு, வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முதல் ஆள் அவர்களேதான்.

அம்மா நைட் ஷிப்ட் முடித்து வீடு திரும்பும் நேரத்தில் தம்பியைக் கிளப்பி, தானும் கிளம்பி வரும் சிறுமி முதல் பீரியடில் கண் சொக்கத்தான் செய்வாள். அவளிடம் ‘வீட்டுல அம்மாவைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லு’ என்பதில் பொருளில்லை. ஒரு குறிப்பிட்ட மாதத்தில் மட்டும் வருகைப்பதிவு சரிந்தால், அது எந்த வேலையின் சீசன் என்று ஊர்க்காரருக்குத் தெரியும். வேறு மாவட்டத்திலிருந்து கவுன்சிலிங்கில் வந்த ஆசிரியருக்குத் தெரிய ஓராண்டாவது ஆகும். தெரிந்துகொள்ளும் முன்பே மாறுதல் வாங்கிப் போய்விடுபவர்களும் உண்டு.

வீட்டு மொழியும் இதில் சேரும். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம். அப்படிப்பட்ட சூழலில் வளர்ந்த மு.கு. ஜகந்நாத ராஜாதான், ஆண்டாள் கதையைச் சொல்லும் கிருஷ்ணதேவராயரின் ‘ஆமுக்த மால்யதா’வைத் தெலுங்கிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்து சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றார். பக்கத்து ஊர் நாச்சியாரின் கதை விஜயநகரம் போய் மறுபடி ராஜபாளையம் வழியாகத் தமிழுக்குத் திரும்பியிருக்கிறது. இரண்டு மொழி என்பது ஒரு பிள்ளைக்குக் குறையல்ல என்பதற்கு இதைவிட நல்ல உள்ளூர் சாட்சி கிடைக்காது. இப்போது மில் வேலைக்காக வட மாநிலங்களிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளும் தமிழகத்து அரசுப் பள்ளிகளில் உட்காருகிறார்கள். அந்தப் பிள்ளை வாயைத் திறக்காமல் இருப்பது பாடம் புரியாததாலா, தமிழ் புரியாததாலா என்று பிரித்துப் பார்க்க வேண்டியவரும் அதே ஆசிரியர்தான்.

இந்தப் பகுதிக்கு ஓர் அரசியல் பெருமையும் உண்டு. 1952இன் முதல் பொதுத்தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியின் உறுப்பினரானவர் காமராஜர். 1954இல் முதலமைச்சரானபோதும் அவர் இந்தத் தொகுதியின் எம்.பி.தான். பள்ளி இல்லாத கிராமத்துக்குப் பள்ளி, பசித்த பிள்ளைக்கு மதியச் சோறு என்று அவர் ஆட்சி செய்ததெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரும் வேலையை அந்தத் தலைமுறை செய்து முடித்துவிட்டது. வந்த பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது அடுத்த தலைமுறைக்கு விட்ட வேலை. அதில்தான் தடுமாறுகிறோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணம் சொல்லும்போது, கற்பவரின் கொள்ளும் திறன் அறிந்து கொடுக்க வேண்டும் என்பதை ஒரு நிபந்தனையாகவே வைத்தார். ஆசிரியர் தின விழாக்களில் நிலம், மலை, துலாக்கோல், மலர் என்று நல்லாசிரியருக்கு அவர் சொன்ன உவமைகளை வரிசையாக ஒப்பிக்கிறோம். அதற்குப் பக்கத்திலேயே ஆசிரியர் ஆகக்கூடாதவர்களுக்கும் அவர் உவமை சொல்லியிருப்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறோம். அதில் ஒன்று பருத்திக் குண்டிகை. வாய் குறுகிய பாத்திரத்தில் பஞ்சை அடைத்தால், போடுவதும் பாடு, எடுப்பதும் பாடு. பஞ்சு மார்க்கெட் என்று ஒரு பஸ் ஸ்டாப்பே இருக்கும் ராஜபாளையத்தில் இதற்கு உரையாசிரியர் தேவையில்லை. இன்னொன்று முடத்தெங்கு. ஒருவர் தோட்டத்தில் தண்ணீர் குடித்து வளர்ந்து, வளைந்து, வேலிக்கு அப்பால் அடுத்தவர் தோட்டத்தில் காய் போடும் தென்னை. பகலில் வகுப்பில் அரைகுறையாக முடித்த பாடத்தை மாலையில் டியூஷனில் முழுதாக நடத்தும் ஆசிரியரை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடைசெய்கிறது. தென்னை சட்டம் படிப்பதில்லை.

இனி விழுக்காட்டுக்கு வருவோம். விருதுநகர் மாவட்டத்தில் ஆசிரியராக இருப்பதென்றால் தேர்ச்சி விழுக்காட்டோடு வாழ்வது. ராமநாதபுரத்திலிருந்து 1985இல் பிரிந்த இந்த மாவட்டம், பிளஸ் டூ, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் ஆண்டுக்கணக்கில் மாநிலத்தின் முதலிடத்தை விடாமல் வைத்திருந்தது. நடுவில் மேற்கு மாவட்டங்கள் முந்தின. 2017இலும் 2018இலும் பிளஸ் டூவில் மறுபடி முதலிடம். மழை குறைந்த மண், தீப்பெட்டியும் தறியும் மில்லும் என்று கூலிக்கு உழைக்கும் வீடுகள். அங்கிருந்து இந்த எண் வந்ததென்றால் அதன் பின்னால் ஆசிரியர்களின் அசுர உழைப்பு இருந்தது. காலை எட்டு மணிக்கே தனி வகுப்பு, இருட்டும் வரை மாலை வகுப்பு. சொந்தக் காசில் சுண்டலும் பிஸ்கெட்டும் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். பரீட்சைக்கு வராத பையனைத் தேடி வீட்டுக்கே பைக்கில் போய் ஏற்றி வந்தவர்கள் இருந்தார்கள். எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரி உருவானது அந்த மாலை வகுப்பில்தான். அதை இளக்காரமாகப் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் வேலை.

ஆனால் எண்ணே இலக்கானபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ‘மீத்திறன்’, ‘மெல்லக் கற்போர்’ என்று இரண்டு கட்டாகப் பிரிந்தார்கள். மெல்லக் கற்போரின் கையில் சில பக்கங்கள் மட்டும் கொண்ட ஒரு ‘மினிமம் மெட்டீரியல்’. இந்த நாலு பாடத்தை மட்டும் படி, முப்பத்தைந்து வந்துவிடும். வந்தது. பாடம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மாநிலம் முழுக்கப் பல மேல்நிலைப் பள்ளிகளில் பிளஸ் ஒன் என்ற ஓராண்டே காணாமல்போய், ஜூனிலேயே பிளஸ் டூ பாடம் தொடங்கியது. கல்லூரி முதலாண்டில் போய் விழித்த பிறகுதான் அந்த ஓராண்டின் விலை தெரிந்தது. இதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. எடுத்தது பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்க என்பது சரி. ஆனால் பரீட்சை இல்லாத ஆண்டில் பாடம் நடக்கும் என்ற உத்தரவாதத்தை யார் தருவது? பழைய நோய்க்கான மருந்தை நிறுத்தியிருக்கிறோம். நோய் போய்விட்டது என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை.

2018ஐ இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு அறிவித்த ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டே மாவட்டங்கள்: ராமநாதபுரமும் விருதுநகரும். அதே ஆண்டு மே மாதம் பிளஸ் டூ முடிவில் விருதுநகர் மாநிலத்தில் முதல். பட்டியலுக்கு ஆரோக்கியம், ஊட்டச்சத்து, அடிப்படை வசதி என்று வேறு அளவுகோல்களும் உண்டு என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் ஒரே மாவட்டம் ஒரே ஆண்டில் முதல் பெஞ்சிலும் கடைசி பெஞ்சிலும் உட்கார்ந்திருந்தது. தேர்ச்சி விழுக்காடு ஒரு மாவட்டத்தைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு இது போதும்.

இதற்கு ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மீளாய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தி, ‘உங்க பாடத்துல மட்டும் ஏன் மூணு பேர் பெயில்?’ என்று கேட்கிறார்கள். அந்த மூன்று பேரும் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போதே தமிழைத் திக்கித் திணறித்தான் படித்தார்கள் என்று அங்கே சொல்ல முடியாது. சொன்னால், அது சாக்கு. பத்தாம் வகுப்பு ஆசிரியர் எட்டாம் வகுப்பு ஆசிரியரை நொந்துகொள்கிறார், அவர் தொடக்கப்பள்ளியை. தொடக்கப்பள்ளிக்குக் கீழே அங்கன்வாடிதான் இருக்கிறது.

தொடக்கப்பள்ளியில்தான் கதையே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். முப்பது பேருக்கு ஒருவர் என்று காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒன்றாம் வகுப்பு ‘அ’ எழுதும்போது மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்கிறது. ஒரே அறையில், ஒரே பலகைக்கு முன். மம்சாபுரம், சேத்தூர், வத்திராயிருப்பு என்று இந்த வட்டாரத்துச் சிற்றூர்களைச் சுற்றி ஈராசிரியர் பள்ளிகளைப் பார்க்கலாம். இரண்டு பேரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் வட்டார வள மையக் கூட்டத்துக்கோ, புத்தகம் நோட்டு இறக்கவோ, வங்கிக்கோ போய்விட்டால் மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரு காவலாளி. அன்று கற்பித்தல் நடக்காது. யாரும் அடித்துக்கொள்ளாமல் மதியம் வரை உட்காரவைத்தாலே பெரிது.

அப்புறம் செல்போன். கல்வி மேலாண்மைத் தகவல் மையம் என்ற ‘எமிஸ்’ தளம் ஒரு நல்ல நோக்கத்துக்கு வந்தது. ஒரு பிள்ளை பள்ளி மாறினாலும் அதன் விவரம் தொலையாது. நாளடைவில் வருகைப்பதிவு, சாப்பாட்டு எண்ணிக்கை, விலையில்லாப் பொருள் பட்டியல், பயிற்சி, தேர்வு மதிப்பெண் எல்லாம் அதற்குள் போயின. சுமையைக் குறைப்பதாக அரசு பலமுறை சொல்லியிருக்கிறது. சில இடங்களில் குறைத்தும் இருக்கிறது. ஆனாலும் மலையடிப் பள்ளியில் சிக்னலுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வரும் ஆசிரியரைப் பார்ப்பது ஒன்றும் அபூர்வமல்ல. முதல் பீரியடின் ஒரு பகுதி அங்கே கரைகிறது. வருகையைப் பதிவதற்காக வந்த பிள்ளைகளைக் காத்திருக்க வைக்கிறோம்.

கற்பித்தல் அல்லாத பணிக்கு ஆசிரியர்களை அனுப்பக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று விதிவிலக்குகள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். விதிவிலக்குகளுக்கு நடுவில் விதி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக (பி.எல்.ஓ.) வீடு வீடாக அலைந்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். இரண்டு பேர் உள்ள பள்ளியில் ஒருவர் பி.எல்.ஓ. ஆனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட ஐந்தாம் வகுப்பு போதும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு காத்திருக்கிறது. ஜனநாயகத்தின் வேலைகள்தான், யாராவது செய்துதான் ஆக வேண்டும். ஆனால் கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே அரசு ஊழியர் ஆசிரியர்தான் என்ற நிலை மாறி ஒரு தலைமுறை ஆகிறது. படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பழக்கம் மட்டும் மாறவில்லை.

இருபது ஆண்டு சர்வீஸ் உள்ள ஓர் இடைநிலை ஆசிரியரின் பணிக்காலத்தை எண்ணிப் பாருங்கள். 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலமெங்கும் வந்தது. அட்டைகள், ஏணிப்படி, தரையில் வட்டமாக உட்காருதல். டேவிட் ஹார்ஸ்பர்கின் நீல்பாக் பள்ளி, ரிஷிவேலி ஊரகப் பள்ளிகள் வழியாகச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முளைத்த நல்ல யோசனை அது. பிறகு சமச்சீர் கல்வி. 2012இல் முப்பருவ முறை. 2018இல் புதிய பாடப்புத்தகங்கள். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. இடைவெளியை நிரப்ப இல்லம் தேடிக் கல்வி. 2022இல் எண்ணும் எழுத்தும். 2025இல் ஆறு முதல் ஒன்பது வரை திறன் இயக்கம். இவற்றில் பலவும் நல்லவையே. ஒவ்வொன்றும் வரும்போது முந்தையதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அதை வகுப்பில் செய்துபார்த்தவரிடம் கேட்டார்களா? கேட்காததன் பலனாக ஆசிரியர்கள் ஒரு தற்காப்புக் கலையைக் கற்றுக்கொண்டார்கள். புதுத் திட்டம் வந்தால் பதிவேட்டில் அதைச் செய்துவிட்டு, வகுப்பில் தாம் முன்பு செய்ததையே செய்வது. இதைச் சோம்பல் என்று மேலே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பாதி சோம்பல்தான். மீதி, அடுத்த திட்டம் வரும்வரை காத்திருக்கும் அனுபவ ஞானம்.

இந்த நேரத்தில் இடிபோல விழுந்தது 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள், கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே வேலைக்கு வந்தவர்களானாலும், இரண்டாண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும். இல்லையேல் வேலையை விட வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. தமிழ்நாடு அரசு மறுஆய்வு மனு போட்டது, பணியில் இருப்போருக்கென்றே சிறப்புத் தகுதித் தேர்வும் அறிவித்தது. நாற்பத்தெட்டு வயதில் கைடு வாங்கிக்கொண்டு, தம் மகனோடு சேர்ந்து ராத்திரி படிக்கும் ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் உருவாகிவிட்டார்கள்.

தகுதித் தேர்வு தேவையில்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதிதாக வேலைக்கு வருபவருக்கு வாசலில் ஒரு சோதனை வேண்டும். 2012 ஜூலையில் தமிழ்நாட்டின் முதல் தகுதித் தேர்வில் தேறியவர்கள் ஒரு விழுக்காடுகூட இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்வி என்பது குதிரைப் பந்தயம் என்று உணர்ந்து, அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுதேர்வு நடத்தினார்கள். நேரத்தைக் கழித்துப் பார்த்தாலும், நம் பயிற்சி நிறுவனங்கள் என்ன சொல்லிக்கொடுக்கின்றன என்ற கேள்வி அந்த முடிவில் இருந்தது. அதற்கு இன்றுவரை ஒழுங்கான பதில் இல்லை. ஆனால் இருபது ஆண்டு வகுப்பு எடுத்த ஒருவர் நல்ல ஆசிரியரா என்று அறிய, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வித்தாள் உதவாது. 52இல் 27 போனால் 25 என்று அவருக்குத் தெரியும் என்பதை மட்டும் அது சொல்லும். 35 ஏன் வந்தது என்று அவருக்குத் தெரியுமா என்பதை வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இங்கே ஆசிரியர் சங்கங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஓய்வூதியம், ஊதிய முரண்பாடு எல்லாம் நியாயமான கோரிக்கைகள். 2009 ஜூன் 1க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியர் அதற்கு முதல்நாள் சேர்ந்தவரைவிடக் குறைந்த அடிப்படை ஊதியத்தில் அதே வேலையைச் செய்வது வெட்கக்கேடு. தெருவில் இறங்கிப் போராட எல்லா உரிமையும் அவர்களுக்கு உண்டு. ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பதற்காக ஒரு சங்கம் தர்ணா இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ‘எங்களை நம்புங்கள்’ என்று கேட்பவர்கள் வகுப்பறைக் கதவைத் திறந்தும் வைக்க வேண்டும். அருப்புக்கோட்டையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ச. மாடசாமி, ‘என் சிவப்பு பால்பாயிண்ட் பேனா’வில் தம் வகுப்பறையையே கேள்விக்கு உட்படுத்தி எழுதினார். நம் பக்கத்து ஊரில் பிறந்த புத்தகம். வாசிக்க இடம் வேண்டுமென்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. ஆசிரியர் வாசிப்பவராக இருந்தால்தான் பிள்ளையின் நோட்டையும் வாசிப்பார் என்பது என் பழைய நம்பிக்கை.

அதிகாரம் பற்றியும் பேசாமல் முடியாது. ‘கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்’ என்று பிள்ளையை ஒப்படைத்த காலம் போனது நல்லதே. உடல் தண்டனையை 2003இல் தமிழ்நாடு தன் கல்வி விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டமும் தடுத்துவிட்டது. பிரம்பை வாங்கி வைத்துக்கொண்டோம், பதிலுக்கு எதையும் கொடுக்கவில்லை. நாற்பது பேர் கொண்ட ஒன்பதாம் வகுப்பை அடிக்காமல், அவமானப்படுத்தாமல் நடத்துவது தனிக் கலை. அதை எந்தப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தோம்? 2012இல் சென்னையில் ஓர் ஆசிரியை வகுப்பறையிலேயே மாணவனால் கொல்லப்பட்டார். எங்கோ ஒன்று இரண்டுதான் என்றாலும், ‘நமக்கேன் வம்பு’ என்ற மனநிலை ஆசிரியர் ஓய்வறைகளில் குடியேறிவிட்டது. கண்டிக்காத ஆசிரியருக்குப் புகார் வராது. கவனிக்காத ஆசிரியருக்கும் வராது.

தென் மாவட்டங்களில் இதோடு சாதியும் பள்ளிக்குள் வருகிறது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில், பைக்கில் ஒட்டும் படத்தில், எந்தப் பையன் யாரோடு உட்காருகிறான் என்பதில். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி கே. சந்துரு குழு அமைந்தது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், ஒரு பகுதியின் பெரும்பான்மைச் சாதியைச் சேர்ந்தவர் அங்கே தலைமையாசிரியராக இருக்கக்கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனால் கயிறு கட்டிய பையனை அழைத்துப் பேச வேண்டிய ஆசிரியர் மறுநாள் அதே ஊரில் பஸ் ஏற வேண்டும். அவருக்குப் பின்னால் துறை நிற்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் கயிறு அவர் கண்ணில் படாது. ஆசிரியர்கள்மீது பெற்றோருக்கும் சந்தேகம் கூடியிருக்கிறது, காரணமில்லாமல் இல்லை. கல்லூரி மாணவிகளைத் தவறான வழிக்கு இழுத்த வழக்கில் ஒரு பேராசிரியைக்கு 2024 ஏப்ரலில் 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது இதே ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம்தான்.

தனியார் பள்ளி ஆசிரியர் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். மஞ்சள் வேனில் கடைசியாக இறங்குபவர் அவர். மே மாதம் அட்மிஷனுக்கு ஆள்பிடிக்க வீடு வீடாகப் போகிறார். பல இடங்களில் மில் தொழிலாளியைவிடக் குறைந்த சம்பளம். அவருக்குச் சங்கமும் இல்லை, மறியலும் இல்லை. அரசுப் பள்ளியிலும் 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்த பகுதிநேர ஓவிய, உடற்கல்வி, தையல் ஆசிரியர்கள் நிரந்தரம் கேட்டுத் தலைநரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்? புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கு மேலாக ஒரு பழக்கம் இருக்கிறது. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் சுவரோரமாக நின்று பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது நடத்துபவரை அல்ல, பிள்ளைகளை. எந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறியது என்று குறித்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். நம்மிடமும் குறுவள மையக் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி, பெரும்பாலும் சென்னையிலிருந்து வந்த காணொலியைப் பார்த்துவிட்டு, டீ குடித்துக் கலைகிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பிள்ளைகள் இருக்கும் ஒரு வேலைநாளின் மதியத்துக்கு மாற்றி, யாராவது ஒரு சக ஆசிரியரின் வகுப்பில் உட்காரச் சொல்லலாம். அதிகாரி வர வேண்டாம், புகைப்படம் வேண்டாம், எமிஸில் ஏற்ற வேண்டாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மட்டும் ஓராண்டு செய்து பார்க்கலாம். பெற்றோர் அதிகம் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவும் கழிப்பறை, சுற்றுச்சுவர் விஷயங்களுக்குப் பிறகு, எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வாசிக்க வருகிறது என்று மாதம் ஒருமுறை கேட்கத் தொடங்கலாம்.

அந்த மதியம் மற்ற நான்கு வகுப்புகளை யார் பார்ப்பது என்று அலுவலகத்தில் கேட்பார்கள். பயிற்சிக்கும் தேர்தல் பணிக்கும் கூப்பிடும்போது இதே கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை.